காலையே எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. எலக்ட்ரீஷியன் வேலை செய்கிறார். வலது தொடையின் முன்புறத்தில் வலியே இல்லாத ஒரு வீக்கம் வந்தது. தசைப்பிடிப்பு என்று நினைத்து எட்டு மாதம் விட்டுவிட்டோம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 12 செ.மீ. கட்டி என்று தெரிந்தது. ஊசி பயாப்ஸியில், வேகமாக வளரும் வகையைச் சேர்ந்த மென்திசுச் சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற மென்மையான திசுக்களில் வரும் புற்றுநோய்) என்று முடிவு வந்திருக்கிறது. நெஞ்சு சி.டி. ஸ்கேனில் பரவல் இல்லை. ஐந்து வாரம் ரேடியேஷன் கொடுத்த பிறகு, காலை வெட்டாமல் கட்டியையும் அதைச் சுற்றியுள்ள தசைகளையும் மட்டும் எடுக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். “கால் போனால் போகட்டும், உயிர்தான் பெரிது, மொத்தமாக எடுத்துவிடச் சொல்” என்கிறார் கணவரின் அண்ணன். காலைக் காப்பாற்றப் போய் அவரையே இழந்துவிடுவோமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் ஏணி ஏற முடியுமா? வாழ்நாள் முழுக்க எப்படி இருப்பார்? அவரோ எதுவுமே பேசுவதில்லை.
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்திருக்கும் நிலையில், காலை எடுப்பதால் உங்கள் கணவரின் ஆயுள் கூடப்போவதில்லை. காலைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை, உயிரைப் பணயம் வைத்துச் செய்யப்படும் சமரசம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். உங்கள் மைத்துனர் சொல்வது அன்பில் பிறந்த பேச்சு. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கட்டிக்கு மேலே உள்ள மூட்டோடு காலையோ கையையோ எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்றுதான் எங்கள் துறையின் முந்தைய தலைமுறை கற்றுக்கொண்டது.

அந்த எண்ணத்தை மாற்றியது, அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 1975 முதல் 1981 வரை நடந்து 1982இல் வெளியான ஓர் ஆய்வு. கை, கால்களில் தீவிர வகைச் சார்கோமா வந்த 43 பேரில் 16 பேருக்கு உறுப்பு நீக்கமும், 27 பேருக்கு உறுப்பைக் காத்துக் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையும் அதனுடன் கதிர்வீச்சும் என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சிகிச்சை அளித்தார்கள். உறுப்பைக் காத்த 27 பேரில் நால்வருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. உறுப்பை நீக்கியவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. ஆனால் ஐந்தாண்டுகளின் முடிவில் உயிரோடிருந்தவர்களின் விகிதத்தைக் கணக்கிட்டபோது உறுப்பைக் காத்தவர்களில் 83 விழுக்காடும் உறுப்பை நீக்கியவர்களில் 88 விழுக்காடும் வந்தன. அந்தச் சிறு வித்தியாசத்துக்குப் புள்ளியியல் அளவில் பொருள் இல்லை. ஆய்வில் சேர்ந்தவர்கள் குறைவுதான். என்றாலும் அதன் பின் வந்த நாற்பது ஆண்டு அனுபவம் அந்த முடிவை மறுக்கவில்லை. இன்று இந்நோயைத் தொடர்ந்து கையாளும் மையங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கையும் காலும் காப்பாற்றப்படுகின்றன.

இது ஏன் என்பதையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் வீட்டில் எழும் பேச்சுக்கு உங்களால் நிதானமாகப் பதில் சொல்ல முடியும். மென்திசுச் சார்கோமாவில் உயிருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் காலிலிருந்து வருவதில்லை. கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குச் சென்று தங்கும் செல்களிடமிருந்தே வருகிறது. அப்படிப்பட்ட செல்கள் ஏற்கெனவே கிளம்பியிருந்தால், காலை எடுப்பது அவற்றைத் திரும்ப அழைத்து வராது. கிளம்பாதிருந்தால், கட்டியைச் சுற்றிலும் நோயில்லாத திசுவோடு சேர்த்து முழுமையாக எடுப்பதே போதும். அதனால்தான் கட்டியின் எல்லாப் பக்கத்திலும் நல்ல திசு ஒரு போர்வைபோலச் சூழ்ந்து வர வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். அந்தப் போர்வை முழுதாக இருக்கிறதா என்பதை, எடுத்த திசுவின் ஓரங்களில் மை தடவி நுண்ணோக்கியில் பார்த்து நோயியல் மருத்துவர் சொல்வார். அறுவைக்குப் பின் வரும் அறிக்கையில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி அதுதான்.

எட்டு மாதம் விட்டுவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வயது வந்தோருக்கு வரும் புற்றுநோய்களில் இவ்வகை ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான். வலிக்காது, காய்ச்சல் வராது, நடக்கவும் தடையிருக்காது. மருத்துவர்களே கொழுப்புக் கட்டி என்றும் இரத்தக் கட்டு என்றும் கருதிவிடுவதுண்டு. ஆகவே அந்தக் குற்ற உணர்வை இறக்கி வைத்துவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு யாரும் கட்டியை வெட்டி எடுக்காமல், முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு ஊசி பயாப்ஸி என்று முறையாகச் சென்றிருக்கிறீர்கள். இன்னதென்று தெரியாமல் கீறி எடுத்த பிறகு எங்களிடம் வருபவர்களுக்கு, கத்தி பட்ட இடமெல்லாம் நோய் சிந்தியிருக்கக்கூடும் என்று கருதி இரண்டாவது முறை இன்னும் அகலமாக எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் இழப்பு உங்கள் கணவருக்கு நேரவில்லை.

இனி, உங்கள் கேள்வியின் மறுபாதி: வாழ்நாள் முழுக்க எப்படி இருப்பார்? நான் மிகவும் அக்கறை கொண்டிருப்பதும் இதில்தான். ஏனென்றால் கால் காப்பாற்றப்பட்டது என்ற நல்ல செய்தியோடு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படுகிறவர்களிடம், அந்தக் கால் இனி எப்படி இருக்கும் என்பதைப் போதுமான அளவு யாரும் விளக்குவதில்லை. பழைய கால் அப்படியே திரும்பும் என்று எதிர்பார்த்து வீட்டுக்குப் போகிறவர், மூன்றாம் மாதம் படியில் தடுமாறும்போது மனம் உடைந்துபோகிறார்.

அறுவைக்குப் பின் நடை எப்படி அமையும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது எந்தத் தசை போகிறது, எந்த நரம்பு போகிறது என்பதுதான். வெளியே தெரியும் தழும்பின் நீளத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. தொடையின் முன்புறத்தில் முழங்காலை நீட்டும் தசைகள் நான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றோ இரண்டோ போனாலும், எஞ்சியவை மெல்ல மெல்ல அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். சமதரையில் நடக்கும்போது பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாத அளவுக்குத் தேறியவர்கள் பலர். நான்கும் போனால் கதை வேறு. காலூன்றும் கணத்தில் முழங்கால் மடங்கிவிடும். வேறு தசையை எடுத்து வந்து அங்கே பொருத்துவதைப் பற்றியோ முழங்கால் மடங்காமல் தாங்கும் பட்டையைப் பற்றியோ யோசிக்க வேண்டியிருக்கும்.

நரம்புகளில், அந்தத் தசைகளை இயக்கும் தொடை நரம்பு கட்டியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேளுங்கள். தொடையின் பின்புறம் இறங்கும் பெரிய சயாட்டிக் நரம்பை எடுக்க நேர்ந்தாலே காலைக் காப்பாற்றுவதில் பயனில்லை என்று முன்பு கருதினார்கள். ஆனால் அந்த நரம்பை இழந்தவர்கள் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையுடன் ஓரளவு நன்றாகவே நடக்கிறார்கள் என்பதைப் பின்னர் கண்டோம். உள்ளங்காலில் உணர்ச்சி இருக்காது என்பதால், கல்லோ முள்ளோ குத்தியதா என்று அன்றாடம் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தொடை நரம்பை இழந்தவர்களோ எதிர்பாராமல் முழங்கால் மடங்கிக் கீழே விழுகிறார்கள். விழும்போது எலும்பு முறிகிறது. உங்கள் கணவரின் கட்டி முன்புறத்தில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அந்த நரம்பின் ஒரு கிளை மட்டும் போகுமா, முழுவதும் போகுமா என்ற விடை தெரிந்தால், அடுத்த ஆண்டு அவர் எப்படி நடப்பார் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

அறுவைக்கு முன்பே ஏன் கதிர்வீச்சு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது எதிர்கால வாழ்க்கைத் தரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. முன்பே கொடுக்கும்போது வழக்கமான அளவு 25 தவணைகளில் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). பின்னர் கொடுத்தால், அறுவையில் கை பட்ட பரப்பு முழுவதையும் தழும்போடு சேர்த்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டியிருப்பதால் பரப்பும் கூடும், அளவும் 60 முதல் 66 கிரே வரை உயரும். 2002இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கும் பின்னர் பெற்றவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கும் அறுவைப் புண் ஆறுவதில் பெரிய சிக்கல் ஏற்பட்டது. ஆனால் இரண்டாண்டு கழித்து அதே நோயாளிகளைப் பார்த்தபோது, தசையும் தோலும் இறுகிப்போகும் நிலை பின்னர் பெற்றவர்களிடமே கூடுதலாக இருந்தது. புண் என்றாவது ஆறிவிடும். இறுக்கம் ஆயுளுக்கும் கூட வரும். முதல் சில மாதங்களின் தொல்லையைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டு பிற்காலத்தின் அசைவைக் காத்துக்கொள்வது இந்த ஏற்பாடு. உங்கள் கணவரின் வயதில் இதையே நானும் தேர்ந்தெடுத்திருப்பேன். தொடைப் புண் ஆறச் சில வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கலாம், சிலருக்கு மீண்டும் ஒருமுறை அறுவை அரங்குக்குச் செல்ல நேரலாம் என்பதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். அவர் புகை பிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புண் ஆறுவதை அவ்வளவு கெடுக்கும் பழக்கம் வேறில்லை.

இறுக்கம் என்று சொன்னேனே, அதை நேரில் பார்க்காதவர்களுக்கு விளக்குவது கடினம். கதிர்வீச்சு பெற்ற தொடையைத் தொட்டால், மேல் தோல் மிருதுவாக இருந்தும் உள்ளே மரப்பலகையை அழுத்துவதுபோல் இருக்கும். இது ஆறு மாதத்தில் தொடங்கி இரண்டாண்டு வரைகூட மெல்லக் கூடிக்கொண்டே போகலாம். புண் ஆறியதும் பிசியோதெரபியை நிறுத்திவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மூன்றாம் மாதத்தில் நன்றாக மடங்கிய முழங்கால், பயிற்சியை விட்டுவிட்டால் பதினெட்டாம் மாதத்தில் பாதிதான் மடங்கும். என்னிடம் தொடர் பரிசோதனைக்கு வந்த ஒருவர், நலமாக இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பரிசோதனைக் கட்டிலில் ஏறினார். ஏறும்போது, முழங்காலுக்கு மேலே கால்சட்டைத் துணியை ஒரு கையால் கொத்தாகப் பிடித்து, அந்தக் காலைப் பொருளைத் தூக்குவதுபோல் தூக்கிக் கட்டிலில் வைத்தார். அது அவருக்கு அவ்வளவு பழகிப்போயிருந்ததால், தாம் அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஓராண்டாகப் பயிற்சியே செய்யவில்லை என்பது அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. மீண்டும் தொடங்கினோம், ஓரளவு மீட்டோம், முழுவதும் அல்ல. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் அவர் கட்டிலில் ஏறுவதைத்தான் பார்க்கிறேன்.

கால் வீக்கமும் வரலாம். நிணநீர் வடியும் வழிகள் தொடையில் அறுபட்டும் கதிர்வீச்சால் இறுகியும் போவதால், மாலையில் கணுக்கால் கனத்து, காலுறையின் விளிம்பு பதிந்த தடம் நெடுநேரம் மறையாமல் இருக்கும். தையற்காரர் நாடாவால், முழங்காலுக்கு மேலே ஒரே தூரத்தில், இரண்டு கால்களையும் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். வித்தியாசம் கூடத் தொடங்கும்போதே அழுத்தக் காலுறையும் முறையான மசாஜும் ஆரம்பித்தால் கட்டுக்குள் வைக்கலாம். முற்றிய பிறகு வந்தால் கடினம். அந்தக் காலில் ஒரு சிறு கீறல் சிவந்து பரவினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எலும்பைப் பற்றியும் ஒரு சொல். கட்டி எலும்பை ஒட்டியிருந்து, எலும்பின் மேலுறையையும் சேர்த்து உரித்தெடுக்க நேர்ந்தால், கதிர்வீச்சு பட்ட தொடை எலும்பு பல ஆண்டுகள் கழித்துச் சிறு அதிர்ச்சியிலேயே முறியக்கூடும். அப்படிப்பட்ட முறிவு எளிதில் கூடாது. உங்கள் கணவருக்கு அந்த நிலை வருமா, முன்கூட்டியே கம்பி பொருத்த வேண்டுமா என்று கேட்டு வையுங்கள்.

உறுப்பு நீக்கத்தை நான் பழிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். முக்கிய நரம்பு, இரத்தக்குழாய், எலும்பு மூன்றையும் கட்டி ஒருசேரச் சுற்றிக்கொண்டிருந்தாலோ, முழு அளவு கதிர்வீச்சுக்குப் பிறகும் அதே இடத்தில் நோய் திரும்பினாலோ, காப்பாற்றப்படும் கால் வலியும் புண்ணுமாக ஒருவரைக் கட்டிலோடு கட்டிப்போடும் என்றாலோ, அதை எடுத்துவிடுவதே நல்ல மருத்துவம். முழங்காலுக்குக் கீழே எடுத்து நல்ல செயற்கைக் கால் பொருத்தியவர்கள், உணர்ச்சியற்று வீங்கிய சொந்தப் பாதத்தோடு நடப்பவர்களைவிட நிம்மதியாக வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். தொடையில் எடுப்பது அதைவிடப் பல மடங்கு பாரமானது. முழங்கால் இல்லாமல் நடக்க ஒவ்வோர் அடிக்கும் உடல் வெகுவாகக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. இல்லாத காலில் வலிப்பது என்ற விசித்திரமான துன்பமும் பலருக்கு உண்டு. உங்கள் கணவரின் கட்டி மேல் தொடைவரை போயிருந்தால், உறுப்பு நீக்கம் என்பது இடுப்பு மூட்டளவுக்கும் போக நேரலாம். இதை உங்கள் மைத்துனரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் கேட்பது “ஒரு கால்” என்ற சின்னச் சொல்லாக இருக்கிறது. செய்ய வேண்டியிருப்பதோ மிகப் பெரியது, அதற்கு ஈடாக ஆயுளும் கிடைப்பதில்லை.

வாழ்க்கைத் தரத்தை அளக்க எங்களிடம் இரண்டு வகை மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. ஒன்றில் வலி, அசைவு, நடை ஆகியவற்றை மருத்துவர் பார்த்து மதிப்பிடுகிறார். மற்றது கனடாவின் டொரன்டோவில் உருவானது. அதில் நோயாளியே பதில் எழுத வேண்டும். கால்சட்டை அணிவது எவ்வளவு கடினம், படி இறங்குவது எவ்வளவு கடினம், மண்டியிட்டு எழுவது எவ்வளவு கடினம் என்று அது கேட்கிறது. இரண்டாவதைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். நாங்கள் நல்ல மதிப்பெண் போட்ட ஒருவர், தம் பிள்ளையோடு தரையில் உட்கார முடியவில்லை என்பதற்காகத் தம் அறுவை தோற்றுவிட்டது என்று கருதியிருப்பார். கோணல் நடையோடு வருகிற இன்னொருவர், வேலைக்குத் திரும்பிவிட்டேன், வேறென்ன வேண்டும் என்பார்.

அதனால் ஏணிக்கு வருகிறேன். இரண்டு தசைகள் எஞ்சி, தொடை நரம்பும் பிழைத்து, பயிற்சியும் ஒழுங்காக நடந்தால், மாடிப்படி ஏறி இறங்குவதை நியாயமாக எதிர்பார்க்கலாம். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது அறுவை செய்த காலை முதலில் இறக்க வேண்டும். ஏணி அப்படியல்ல. மேலே நின்றுகொண்டு இரு கைகளாலும் வேலை செய்யும்போது உடலின் எடையைத் தொடை மட்டுமே நெடுநேரம் தாங்குகிறது. அந்த உயரத்தில் முழங்கால் ஒரு கணம் மடங்கினாலும் விளைவு கொடியது. வலக்காலில் மட்டும் நின்று, ஒரு படியிலிருந்து தடுமாறாமல், கட்டுப்பாட்டோடு கீழே இறங்க முடிகிறது என்று பிசியோதெரபிஸ்ட் சோதித்துச் சொல்லும்வரை ஏணியைத் தொட விடாதீர்கள். அதுவரை தரையில் நின்று செய்யும் வேலை, பழுது பார்ப்பது, வரைபடம் போட்டு உதவியாளரை ஏறச் சொல்லி மேற்பார்வையிடுவது ஆகியவற்றை அவர் செய்யலாம். பெரும்பாலோர் வேலைக்குத் திரும்புகிறார்கள். அதே வேலைக்கு, அதே வடிவில் திரும்புவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

தொடர் பரிசோதனை நீண்டது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தொடையையும் நுரையீரலையும் பார்ப்பார்கள். ஸ்கேன் நெருங்கும் வாரத்தில் அவர் எரிச்சல்படுவார், சாப்பிட மாட்டார், நெஞ்சில் லேசாக ஏதோ செய்கிறது என்பார். ஐந்தாம் ஆண்டிலும் இது நடக்கும். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீமோதெரபி பற்றிப் பேச்சு வந்து, உங்களுக்கு இனியும் குழந்தை வேண்டும் என்ற எண்ணமிருந்தால், எந்தச் சிகிச்சையும் தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பதைப் பற்றிக் கேளுங்கள். மேல் தொடைக்குக் கதிர்வீச்சு கொடுத்தாலும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அவர் பேசுவதில்லை என்று கடைசியாக எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதும் மருத்துவர்கள் சொல்கிறார்கள், அண்ணன் சொல்கிறார், நீங்கள் அஞ்சுகிறீர்கள். அவருக்கு என்ன வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. குணமாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று சொன்னால் அவர் இன்னும் அமைதியாகிவிடுவார். அதற்குப் பதில் ஒரு சிறிய கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் காலால் கட்டாயம் செய்தாக வேண்டும் என்று நினைப்பது எது? வண்டி ஓட்டுவதா, தரையில் உட்கார்வதா, ஏணியா, பிள்ளையைத் தோளில் தூக்குவதா? எதைச் சொன்னாலும் அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அறுவை செய்யப்போகும் மருத்துவரை அடுத்த முறை சந்திக்கும்போது அந்தத் தாளை முதலில் கொடுங்கள். எந்தத் தசைகளை எடுக்கப்போகிறீர்கள், எந்த நரம்பு கட்டிக்கு அருகில் இருக்கிறது, எஞ்சுவதை வைத்து இந்தத் தாளில் உள்ளவற்றில் எவை முடியும் என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். பிசியோதெரபிஸ்டையும் அறுவைக்கு முன்பே ஒருமுறை சந்தித்துவிடுங்கள். கதிர்வீச்சு நடக்கும் ஐந்து வாரமும், அது முடிந்து அறுவைக்குக் காத்திருக்கும் வாரங்களும் வீணாக வேண்டியதில்லை. போகப்போகிற தசைகளின் வேலையை ஏற்கப்போகும் தசைகளுக்கு இப்போதே பயிற்சி கொடுக்கத் தொடங்கலாம். எவ்வளவு செய்யலாம், எந்த அசைவைத் தவிர்க்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.